ஐந்து ஆணி தள்ளி

தலைவலி என்று போனால் மாத்திரையோடு மறக்காமல் அறிவுரையும் மடித்துக் கொடுக்கும் மருந்துக்கடை அண்ணன், இந்த அவையின் தலைவர் அவர்களே! தெருச் சங்கத்தின் பொறுப்பாளர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் யாரென்று எனக்கே சந்தேகம் வரும்படி புகழ்ந்துவிட்டு அமர்ந்திருக்கும் பெருமக்களே! வயதிலும் பொறுமையிலும் எனக்கு மூத்த பெரியவர்களே! கால் கிலோ ஆணி வாங்க வந்தாலும், தராசு முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே எடை சரி என்று நம்பிய தாய்மார்களே! நாற்காலி கிடைத்த நண்பர்களே, கிடைக்காமல் கிடைத்தவர்களை முறைத்துக்கொண்டு நிற்கும் நண்பர்களே! முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் கைகட்டி அமர்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநர் தம்பி அவர்களே! கடைசி வரிசையில், விளக்குக் கம்பத்தின் மறைவில், தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் என் மனைவியே! வெயில் இறங்கும் இந்த வேளையில், எனக்கு விடைகொடுக்க வீடு பூட்டி வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் பணிவான வணக்கம்.

வீடு பூட்டி வந்திருக்கிறீர்கள். பூட்டிய சாவி உங்கள் கையில். அதன் மாற்றுச் சாவி என் கடையில். இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தெரு அப்படித்தான் தூங்கியது, அப்படித்தான் விழித்தது.

எனக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. 'நம்பிக்கையின் நாயகருக்கு நன்றி விழா.' எழுத்து பெரிதாக இருக்கிறது. கட்டிய கயிறுகூட என் கடைக் கயிறு. நான் வியாபாரி. ஒரு பொருள் எனக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று கையில் எடுத்தவுடன் தெரியும். 'நம்பிக்கையின் நாயகர்' என்ற இந்தப் பட்டத்தைக் காலையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். மரை சேரவில்லை. எந்தப் பக்கம் திருகினாலும் சேரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நான் இந்தத் தெருவுக்கு வந்தபோது என்ன கொண்டுவந்தேன்? ஒரு சுத்தியல், ஒரு பெட்டி நிறையப் பழைய பூட்டுகள், ஒரு மனைவி. பூட்டுகளைப் பழுது பார்த்தேன். பிறகு புதுப் பூட்டு விற்றேன். பூட்டு விற்றவன் தாழ்ப்பாள் விற்றேன், தாழ்ப்பாள் விற்றவன் கீல் விற்றேன், கீல் விற்றவன் கதவே விற்றேன். இந்தத் தெருவில் நான் விற்காத கதவு எது? நான் மாட்டாத பூட்டு எது? நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொன்றிலும் ஒரே கம்பெனிப் பூட்டு, ஒரே மாதிரி இரும்புக் கதவு. "அண்ணே, இந்தக் கதவு ஒடையாதுல்ல?" என்று கேட்பீர்கள். "யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி" என்பேன். அப்படிச் சொல்லியே விற்றேன்.

ஆனால், சாவியை மறந்துவிட்டு வாசலில் நிற்பது நம் தெருவின் பிறவிக்குணம். அதோ, பன்னிரண்டாம் வீட்டு பேக்கரிக்காரர் சிரிக்கிறார் பாருங்கள்! ஒரே வாரத்தில் மூன்று முறை வெளியே நின்றவர். "அண்ணே, ஒரு சாவிய ஒங்க கடையிலயே போட்டு வைங்களேன்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர். ஒரு ஒட்டுப்பலகை எடுத்தேன். நாற்பத்தொரு ஆணி அடித்தேன். ஒவ்வொரு ஆணியின் மேலும் சிவப்பு மையால் எண் போட்டேன். உங்கள் வீட்டின் சாவி, உங்கள் வாழ்வின் சாவி, என் சுவரில் வரிசையாகத் தொங்கியது.

அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தீர்கள்? பதினேழு என்று எழுதிய ஆணியில் தொங்குவது பதினேழாம் வீட்டுச் சாவி என்று நினைத்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக நினைத்தீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

அது பொய்.

என்ன சலசலப்பு? பொறுங்கள். முழுக்கச் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டிக்காரன் அல்லவா? கடைக்கு நூறு பேர் வருவார்கள், போவார்கள். எவனாவது எண்ணைப் பார்த்துச் சாவியை உருவிக்கொண்டு போய்விட்டால்? அதனால் ஒரு தந்திரம் செய்தேன். ஒவ்வொரு சாவியையும் அதன் எண்ணிலிருந்து ஐந்து ஆணி தள்ளி மாட்டினேன். பதினேழாம் வீட்டுச் சாவி இருபத்திரண்டாவது ஆணியில். பதினேழாவது ஆணியில் தொங்கியதோ, பன்னிரண்டாம் வீட்டுச் சாவி. திருடன் எடுத்தால் ஏமாந்துபோவான். இந்தக் கணக்கு என் ஒருவன் தலைக்குள் மட்டும்; யார் கேட்டாலும், எந்த ஆணி என்று தெரியாதபடி மறைத்து நின்று நானேதான் எடுத்துக் கொடுப்பேன். நான் நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். ஆனால் நல்ல எண்ணம் என்று நிறுத்திவிட்டால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்கிறேன். அந்தக் கணக்கை யாரிடமும் சொல்லாதவரைக்கும், இந்தத் தெருவுக்கு நான் வேண்டும். நான் இல்லாமல் ஒரு கதவு திறக்காது. அந்த நினைப்பு எனக்கு இனித்தது.

யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

தாய்மார்களே, பெரியவர்களே! டீச்சரை நினைத்துப் பாருங்கள். பதினேழாம் வீட்டு டீச்சர். ஓட்டுநர் தம்பியின் மனைவி. ஒருநாளும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தாத டீச்சர்! தெருப் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பிழை திருத்தியே அந்தப் பட்டத்தைச் சம்பாதித்த டீச்சர். என் கடைப் பெயர்ப்பலகையில் 'இரும்பு'க்குப் புள்ளி விட்டுப்போனதை, வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொன்ன டீச்சர். "அண்ணே, இரும்பு விக்கிறீங்க, சரி. இருமபுன்னா என்னது? புதுச் சரக்கா?" என்று கேட்டாரே, அந்தச் சிரிப்பு இந்தத் தெருவில் இன்னும் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்காதா?

அவருக்கு மூச்சுத்திணறல் உண்டு. மாத்திரை போட்டால் காலையில் எழ நேரமாகும். அதனால் விடியற்காலையில் வண்டி எடுக்கப் போகும் தம்பி, வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். அவர் சாவி அவரோடு பேருந்தில். டீச்சரின் சாவி உள்ளறை அலமாரியில். மூன்றாவது சாவி என் பலகையில். "ஏதாவது அவசரம்னா அண்ணன் கடை இருக்கு" என்பாராம் தம்பி. நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் பூட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மாதங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. எதிர்வீட்டு அத்தைதான் முதலில் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி டீச்சரின் கை. கரண்டியால் கம்பியைத் தட்டுகிறார். குரல் வரவில்லை. அத்தை அலறிக்கொண்டு என் கடைக்கு ஓடினார். கல்லாவில் யார்? என் மனைவி. நான் எங்கே?

எங்கே என்று உங்களுக்கு ஒரு பதில் சொன்னேன். "சரக்கெடுக்கப் போனேன்" என்றேன். நம்பினீர்கள்.

நான் சரக்கெடுக்கப் போகவில்லை. வீடு பார்க்கப் போயிருந்தேன்.

ஆமாம் ஐயா, இப்போது குடிபோகிறோமே, அதே வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட், பக்கத்திலேயே பெரிய சந்தை, அதில் இரண்டு மடங்கு பெரிய கடை. முன்கூட்டியே தெரிந்தால் நீங்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவீர்களே என்று மறைத்தேன். உங்கள் நாற்பது வீட்டுச் சாவியையும் சுவரில் தொங்கவிட்டுவிட்டு, உங்களை விட்டுப் போவதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகை முன்னால் என் மனைவி நின்றாள். படித்தவள், எண் தெரியும். பதினேழாவது ஆணியில் இருந்ததை எடுத்தாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். சாவி பூட்டுக்குள் போனது. போகாமல் இருக்குமா? ஒரே கம்பெனிப் பூட்டு! போனது, ஆனால் திரும்பவில்லை. உள்ளே கரண்டிச் சத்தம். எனக்குப் போன் அடித்தாள்.

என் கைப்பேசியில் 'வீடு' என்று வந்தது; அவள் எண்ணை அப்படித்தான் பதிந்திருந்தேன். தரகர், சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். 'சாப்பாட்டுக்கு வருவீங்களா'ன்னு கேக்கத்தான் கூப்பிடுறா என்று நினைத்தேன். துண்டித்தேன்.

மறுபடி அடித்தாள். மறுபடியும் துண்டித்தேன்.

எடுத்திருந்தால் நான் சொல்ல வேண்டியது எவ்வளவு? ஒரு பக்கமா? ஒரு பத்தியா? "அஞ்சு தள்ளி எடு." மூன்றே மூன்று வார்த்தை! மூன்று வார்த்தையில் திறந்திருக்க வேண்டிய கதவு, தம்பி, மூன்று வார்த்தை!

இரண்டாவது முறையும் நான் துண்டித்த பிறகு, அவள் இரண்டு கையாலும் சாவியைத் திருகினாள். அது பூட்டுக்குள்ளேயே முறிந்தது. இனி சரியான சாவி வந்தாலும் நுழையாது. பேக்கரிக்காரர் கடப்பாரை கொண்டுவந்தார். நாலு பேர் சேர்ந்து இடித்தார்கள். கதவு உடையவில்லை. எப்படி உடையும்? யானை முட்டினாலும் உடையாது என்று சொல்லி விற்றது நானல்லவா! இருபது நிமிடம் தாங்கியது என் கதவு. நான் விற்ற சரக்கிலேயே அதைப் போல உழைத்த சரக்கு வேறில்லை.

கதவு விழுந்தபோது கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

தம்பி, உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு இந்தத் தெரு என்ன பேசியது? பெரிய மனதோடு என்னைப் பழிக்கவில்லை. "அண்ணன் இருந்திருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுத்திருப்பாரு" என்றீர்கள். அவளை என்ன சொன்னீர்கள்? தண்ணீர்க் குழாயடியில் சொன்னீர்கள், கடை வாசலில் சொன்னீர்கள், அவள் காதுபடச் சொன்னீர்கள். "இத்தன வருசம் கல்லாவுல ஒக்காந்து என்னத்துக்கு? நம்பர் பாத்து ஒரு சாவி எடுக்கத் தெரியல." அத்தை, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் மட்டுமா சொன்னீர்கள்? கேட்டுக்கொண்டு நான் உள்ளே ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேனே!

அவள் என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "பதட்டத்துல எனக்குக் கண்ணு தெரியலம்மா, தப்பா எடுத்துட்டேன்" என்றாள். அவளுக்கு அன்று மாலையே உண்மை தெரியும். நானே சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான். ஒருநாள் நான் கேட்டேன்: "ஏன்டி, ஊரே உன்னப் பேசுது, உண்மையச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" அவள் சொன்னாள்: "நான் சொன்னா புருசனக் காட்டிக் குடுத்ததா ஆகும். நீங்க சொன்னாத்தான் உண்மையா ஆகும்."

பதினொரு மாதம் காத்திருந்தாள், ஐயா! பதினொரு மாதம்! நான் வாயைத் திறக்கவில்லை. பூட்டு வியாபாரி வாயையும் பூட்டிக்கொண்டேன்.

கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். அந்தக் கதவு யாருடையது? நான் விற்றது! அந்தப் பூட்டு யாருடையது? நான் மாட்டியது! அந்தப் பலகை யாருடையது? நான் அடித்தது! அந்த எண்கள் யாருடையவை? நான் எழுதியவை! துண்டித்த விரல் யாருடையது? இதோ, இந்த விரல்! கதவு என்னுடையது, பூட்டு என்னுடையது, பலகை என்னுடையது, பொய் என்னுடையது. பழி மட்டும், பதினொரு மாதமாகப் பழி மட்டும், அவளுடையதா?

தலைவர் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன். 'போதும், முடித்துக்கொள்ளவும்.' அண்ணே, உங்கள் கையெழுத்து மருந்துச்சீட்டுபோல இருக்கிறது. அதனால் எனக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, இது. பின்வரிசைக்குத் தெரிகிறதா? சாவியின் முன்பாதி. அன்று மாலை, டீச்சரை எடுத்துப்போன பிறகு, விழுந்து கிடந்த கதவிலிருந்து நான்தான் பூட்டைக் கழற்றினேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தீர்கள். தடயத்தை எடுத்தேன். இந்தப் பாதியைப் பார்த்தால் இது பன்னிரண்டாம் வீட்டுச் சாவி என்று எந்தப் பூட்டுக்காரனுக்கும் தெரிந்துவிடும்; பலகையில் காலியாக இருந்ததோ பதினேழாவது ஆணி. பேக்கரிக்காரரே, இது உங்கள் சாவி. "என்னண்ணே, எஞ்சாவி மட்டும் புதுசா மின்னுது?" என்று ஒருமுறை கேட்டீர்களே, "எண்ணெய் போட்டுத் தொடச்சேன்" என்றேனே, நினைவிருக்கிறதா? ராவோடு ராவாக வெட்டி மாட்டிய சாவி அது.

இரண்டாவது விஷயம். பலகையில் நாற்பத்தொரு ஆணி. சாவிகள் நாற்பது. ஒரு ஆணி இருபத்தாறு ஆண்டுகளாக வெறுமையாக இருந்தது. அது யாருடைய ஆணி என்று யாராவது கேட்டீர்களா? என்னுடையது. இந்தத் தெருவில் நாற்பது வீட்டாரும் என்னிடம் சாவி கொடுத்தீர்கள். நான் என் வீட்டு மாற்றுச் சாவியை உங்களில் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. இந்தத் தெருவில் எனக்கு அவசரம் வந்தால் ஓடிவர நாற்பது வீடு இருந்தது. எனக்குத்தான் உங்களை நம்பத் தெரியவில்லை. பதாகையில் எழுதியிருக்கிறதே 'நம்பிக்கையின் நாயகர்', அவர் மேடையில் இல்லை. நாற்பது பேராக எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

ஓட்டுநர் தம்பி மறுபடியும் எழுந்துவிட்டார். பேசட்டும், யாரும் தடுக்காதீர்கள். சொல்லுங்கள் தம்பி.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே திருப்பிச் சொல்கிறேன். தம்பி கேட்கிறார்: "நீங்க அன்னைக்கு போன எடுத்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

தம்பி, சரக்கைப் பற்றிக் கேட்டால் எனக்கு உடனே பதில் தெரியும். இதற்குத் தெரியாது. 'கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்' என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, பயம். பிழைத்திருப்பார் என்றே வைத்துக்கொண்டுதான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன். 'பிழைத்திருக்க மாட்டார்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

சொல்லுங்கள் தம்பி.

அவர் சொல்கிறார்: "ஒங்கள மன்னிக்க எனக்கு வரலண்ணே. இன்னைக்கும் வரல, எப்பவும் வருமான்னும் தெரியல. ஆனா அண்ணிகிட்ட நான் இத்தன மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல. எதிர்ல வந்தா அந்தப் பக்கம் தாண்டிப் போனேன். அதுக்கு அவங்கதான் என்ன மன்னிக்கணும்."

கேட்டீர்களா? கடைசி வரிசைக்குக் கேட்டதா? விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் கேட்டதா?

நான் மன்னிப்பு வாங்க வரவில்லை, தம்பி. கொடுக்காததற்கு உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் வந்தது இந்த ஒரு வாசகம் அவள் காதில் விழுவதற்குத்தான். விழுந்துவிட்டது.

இன்னும் ஒன்று கேட்கலாமா? இருபத்திரண்டாவது ஆணியில் தொங்கிய உங்கள் பழைய சாவி இன்னும் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் கதவும் பூட்டும் மாற்றிவிட்டீர்கள்; அது இனி எதையும் திறக்காது. அதை நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா?

மறுத்துத் தலையாட்டுகிறார். "வேணாம். குடுத்துட்டுப் போங்க. அது அவ சாவி."

சரி, தம்பி. நான் கேட்டிருக்கக் கூடாது. நான் எடுத்துப்போக இந்த முறிந்த பாதி இருக்கிறது. அது போதும்.

என் இனிய தெருவே! ஒரு சுத்தியலோடு வந்தவனுக்கு ஒரு பெயர் கொடுத்தாய். அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லை என்று சொல்ல எனக்கு வாயும் கொடுத்தாய், கடைசி நாளிலாவது. விழா எடுத்த சங்கத்துக்கு நன்றி. வந்த பெரியவர்களுக்கு நன்றி. இவ்வளவு கேட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நன்றி. எழுந்து போன நாலைந்து பேரையும் பார்த்தேன், அவர்களுக்கும் நன்றி. அந்தப் பதாகையை இப்போதே அவிழ்த்துவிடுங்கள். கயிறு நல்ல கயிறு, யாருக்காவது ஆகும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு லாரி வரும். வாசலுக்கு வருகிறவர்கள் என்னை வழியனுப்ப வர வேண்டாம். அவளை வழியனுப்ப வாருங்கள். அவளிடம் இரண்டு வார்த்தை பேசி அனுப்புங்கள். ஊரை விட்டுப் போகிறவர்கள் 'போய் வருகிறேன்' என்பார்கள். வருவேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. போகிறேன். வணக்கம்.

ஒலிபெருக்கியை அணைத்துவிடாதீர்கள், ஒரு நிமிடம். சாவிகளை நான் திருப்பித் தரப்போவதில்லை. போன வாரம் அவளே பலகை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சாவியையும் கழற்றி, அட்டை கட்டி, வீட்டு எண்ணைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். ஏம்மா, எழுந்து வா. கம்பத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வா. எல்லாரும் வழி விடுங்கள். பதினேழாம் வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். மற்றவர்கள் வரிசையாக வாருங்கள்.

அவள் நம்பர் பார்த்துத்தான் கொடுப்பாள். அன்றும் பார்த்துத்தான் எடுத்தாள்.